பின்னால் உட்காருகிறவளைக் கேட்டு வண்டி வாங்கு

செல்வம்,

நாங்கள் இங்கே சுகம். நீ சுகமாக இருப்பதை உன் கடிதமே நாலு பக்கத்துக்குச் சொல்லிவிட்டது, அதனால் அதைக் கேட்டு மையை வீணாக்கப் போவதில்லை. உன் அப்பா வாசித்துவிட்டுச் சந்தோஷமாகக் கடைக்குப் போனார். நான் மூன்று தடவை வாசித்தேன். மூன்றாவது தடவையில் அடுப்பில் இருந்த பால் அடிப்பிடித்துவிட்டது. இந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் செருகிவிடாதே. உன்னோடு கன்னியாகுமரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் வண்டி கட்டிக்கொண்டு வரப்போகிற சிநேகிதப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு. அவர்களுக்கும் பெண்டாட்டி இருக்கிறாள், அல்லது வரப்போகிறாள்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். ஹேண்டில்பார் உன் தோளுக்கு எவ்வளவு உயரம், டேங்கை முழங்காலால் எப்படிக் கவ்வலாம், எத்தனை மைலுக்கு ஒரு தடவை பெட்ரோல், எந்தக் கியரில் கொடைக்கானல் ஏறும், எல்லாம் இருக்கிறது. உன் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதித் தரச் சொன்னபோது நாலு வரிக்கு ஒரு வாரம் இழுத்தவன் நீ. சரி, ஆசை. இருக்கட்டும் என்று வாசித்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தில் ஓர் இடம்: "பின்னால் பெட்டியும் இவளும் தாராளமாக உட்காரலாம்." அவ்வளவுதான் மல்லிகாவைப் பற்றி. அதிலும் பெட்டிதான் முதலில். ஏலே, அவள் என் கூடப் பிறந்த அண்ணன் மகள். தேவதானப்பட்டியிலிருந்து நான் கைப்பிடித்துக் கூட்டி வந்த பிள்ளை. கயிறு போட்டுக் கட்டுகிற சாமான் இல்லை.

உனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று நீ முணுமுணுப்பது இங்கே வரை கேட்கிறது. எனக்கு ஓட்டத் தெரியாது. உட்காரத் தெரியும். உன் அப்பாவின் மொத்த வியாபாரக் கடைக்கு ஆர்டர் எடுக்கச் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று அவர் போன காலத்தில், போகிற வழியில் கோயில், சொந்தக்காரர் வீடு, மருந்து என்று நானும் பின்னால் ஏறிக்கொள்வேன். இருபது வருஷம் ஏறியிருக்கிறேன். வீட்டுக் கணக்கு நோட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்திலிருந்து வண்டிக் கணக்கு எழுதி வந்தேன். எந்த ஊர், எத்தனை மைல், எங்கே நிறுத்தினோம், எங்கே வலித்தது. உன் அப்பா அதைப் பார்த்து, "வலியெல்லாம் எழுதி வச்சு யாருகிட்ட வசூல் பண்ணப் போற?" என்று கேட்டார். இன்றைக்கு உன்னிடம் வசூல் பண்ணுகிறேன்.

நீ அனுப்பிய இங்கிலீஷ் நோட்டீசையும் பார்த்தேன். மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் என்றாலும், பொட்டலம் மடிக்க வந்த பழைய காகிதத்திலேயே தமிழையும் கொஞ்சம் இங்கிலீஷையும் எழுத்துக் கூட்டிக் கற்றவள்தானே. 'கம்ஃபர்ட்' என்று நாலு இடத்தில் போட்டிருக்கிறான். படத்தில் மலை ரோட்டில் ஒருத்தன் தனியாகப் போகிறான். தனியாகப் போகிறவனுக்கு எந்த வண்டியும் கம்ஃபர்ட்தான். அந்தச் சீட்டைப் பார்த்தாயா? முன்னால் அகலம், பின்னால் ஏறிக் குறுகி, குருவி வாலைத் தூக்குகிற மாதிரி நிற்கிறது. நீ பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அவள் சரிந்து உன் முதுகில் வந்து முட்டுவாள். கியரை மாற்றினால் பின்னால் போவாள். மதுரை போவதற்குள் நூறு தரம் முன்னும் பின்னும் போய்வந்தால் அந்த இடுப்பு என்ன இரும்பா? பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்று தேடினேன், இல்லை. சேலை சக்கரத்தில் சுற்றாமல் இருக்க வலைக்கம்பி உண்டா, இல்லை. கால் வைக்க விரல் நீளத்துக்கு ஒரு குச்சி. போதாக்குறைக்கு, பெட்டி வைக்கக் கேரியர் போடப் போகிறேன் என்கிறாய். இருக்கிற முக்கால் முழத்தில் பெட்டிக்கு எவ்வளவு, அவளுக்கு எவ்வளவு என்று அளந்தாயா? நான் நம் வீட்டுப் பலகையில் சாக்பீஸ் கோடு போட்டு, அளந்து, உட்கார்ந்து பார்த்தேன். பாதிதான் உட்கார முடிந்தது. மீதி நான் காற்றில் இருந்தேன்.

மெத்து மெத்தென்று இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ஏமாற்றும் எனக்குத் தெரியும். உன் அப்பாவின் முதல் வண்டியில் அவருக்கு மட்டும் ஸ்பிரிங் வைத்த சீட்டு. எனக்குக் கேரியர் மேல் இறுக்கிய ஒரு ரப்பர் திண்டு. அது தாங்காமல் போடியிலிருந்து நல்ல இலவம் பஞ்சு வாங்கி மெத்தை தைத்துப் போட்டேன். தேனி எல்லை தாண்டும் வரை ராணி மாதிரி இருந்தேன். வீரபாண்டி வருவதற்குள் பஞ்சு அமுங்கி அடியில் இருக்கிற கம்பி தெரிய ஆரம்பித்தது. பிறகுதான் புத்தி வந்து, அடியில் தேங்காய் நார், அதன்மேல் கொஞ்சம் பஞ்சு என்று தைத்தேன். தொட்டால் கெட்டியாக இருக்கும், உத்தமபாளையம் வரை வலிக்காது. கடையில் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தால் எந்தச் சீட்டும் பூப்போலத்தான் இருக்கும். தூரம் போகிற வண்டிக்கு அகலமும் சமமும் கெட்டியும் வேண்டும். முதுகு நிமிர்ந்து இருக்க வேண்டும், உனக்கும்தான். மீட்டருக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி குனிந்துகொண்டு ராமேஸ்வரம் போய் எந்தச் சாமியை நிமிர்ந்து பார்ப்பாய்?

இதெல்லாம் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் பொங்கலுக்கு நீங்கள் இரண்டு பேரும் கோயம்புத்தூரிலிருந்து இரவல் வண்டியில் வந்து இறங்கினீர்களே, அன்றைக்கு நீ கூடத்தில் உட்கார்ந்து உன் அப்பாவிடம் எத்தனை மணி நேரத்தில் வந்தேன் என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தாய். அவள் சமையல்கட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். உட்காரம்மா என்றேன். "இல்லத்தே, நின்னா நல்லாருக்கு" என்றாள். நான் விடவில்லை. இடுப்புக்கு எண்ணெய் தடவும்போதுதான் வாயைத் திறந்தாள். ஒட்டன்சத்திரத்திலேயே கால் மரத்துவிட்டதாம், நிறுத்தச் சொன்னாளாம். வத்தலகுண்டில் மறுபடி சொன்னாளாம். தேவதானப்பட்டியில் அவள் அம்மா, நீங்கள் வருவது தெரிந்து, ரோட்டோரம் பலகாரத் தூக்கோடு நின்று கை காட்டியிருக்கிறாள். இவள் பின்னாலிருந்து கூப்பிடக் கூப்பிட, நீ தாண்டிப் போய்விட்டாய். "அவுகளுக்குக் கேக்கலத்தே, காத்து" என்று உனக்காக அவளே சமாதானம் சொன்னாள். சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் இத்தனை நாள் சொல்லவில்லை. பெட்டியும் இவளும் என்று நீ எழுதியதற்கு அப்புறம் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

என்ன சொல்லிக் கூப்பிட்டாய் என்று கேட்டேன். "என்னங்க என்னங்கன்னுதான்" என்றாள். அந்த இடத்தில்தான், செல்வம், எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். சின்னப் பிள்ளையிலிருந்து உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவள் அவள். கல்யாணமான மூன்றாம் நாள் முற்றத்தில் நின்று "செல்வம், தண்ணி காஞ்சிருச்சு" என்றாள். நான்தான் வெளியே வந்து, கட்டினவன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும், இனி அந்த வார்த்தை உன் வாயில் வரக் கூடாது என்று கண்டித்தேன். அவள் அன்றைக்கே நிறுத்திவிட்டாள். ரோட்டில் போகிற ஆயிரம் பெண்கள் ஆயிரம் பேரை 'என்னங்க' என்கிறார்கள். எஞ்சின் இரைச்சலில் எந்த ஆண்பிள்ளை அதற்குத் திரும்புவான்? அவள் குரலை நீ கேட்காதது பாதி. பாதியை நான் ஏற்கெனவே பிடுங்கி வைத்திருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு வாய் இல்லை. ஏனென்றால் எனக்குத் தெரியும். எல்லாரையும்விட எனக்குத்தான் தெரியும்.

நீ பிறப்பதற்கு இரண்டு வருஷம் முந்தி, ஓர் ஆடி மாதம். நானும் உன் அப்பாவும் சின்னமனூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். குமுளிக் கணவாயிலிருந்து இறங்குகிற ஆடிக் காற்று உனக்குத் தெரியும், தெற்கே போகிறவன் முகத்தில் அறையும். வீரபாண்டி தாண்டி, கோட்டூர் வருவதற்கு முன்னால் ஒரு பள்ளம். உன் அப்பா ஏலக்காய் விலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே அதில் இறக்கி ஏற்றினார். வண்டி ஏறியது. நான் ஏறவில்லை. ஒரு பக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தவள், புளியமரத்தடியில் மண்ணில் கிடந்தேன். "என்னங்க, என்னங்க" என்று கத்தினேன். காற்று அதை வாங்கி அப்படியே தேனிப் பக்கம் கொண்டுபோய்விட்டது. அவர் பேசிக்கொண்டே போனார்.

வயலில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஓடி வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்தாள். அவளுக்கு ஊரைக் கூட்டுகிற தொண்டை. "ஒம் புருசன் பேரச் சொல்லுத்தா, நான் சத்தம் போடுறேன்" என்றாள். நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? மலைமேல் இருக்கிற சாமி பேர் என்று ஜாடை காட்டினேன். "பழனியா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். "வேலுச்சாமியா? ஆறுமுகமா?" கையில் தடி பிடிக்கிற மாதிரி காட்டினேன். "மாடு மேக்குற கிருஷ்ணனா?" என்றாள் பாவம். அதற்குள் வண்டி ஒரு புள்ளியாகி, வளைவில் மறைந்துவிட்டது. அப்போதும், மறைந்த பிறகும், நான் அந்தப் பேரைச் சொல்லவில்லை. இடது மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்தது. சீலையம்பட்டி டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "ஒனக்கு டீயா, கலரா?" என்று கேட்டுவிட்டுத்தான் உன் அப்பா திரும்பிப் பார்த்திருக்கிறார். கடையில் இருந்த அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். பேயடித்த மாதிரி திரும்பி வந்தார். அன்றைக்கு அவர் அழுததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் கையைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்றார். பெண்டாட்டியைக் கீழே போட்டுவிட்டு மூணு மைல் போனவன் என்று ஊர் சிரிக்குமே என்று, "விழுகல அத்தே, நடுவழியில எறங்கிட்டேன்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். அவர் கண்ணை அகல விரித்து, "எறங்கிட்டாளா? ஆத்தாளா?" என்று கேட்டார். அம்மன் எனக்குள் இறங்கிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் சூடத்தை ஏற்றி என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் புளியமரத்தடியில் மூன்று செங்கல் நட்டு மஞ்சள் பூசியாகிவிட்டது. ஆமாம், செல்வம். அதேதான். நம் வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும் நிறுத்தித் தேங்காய் உடைக்கிறோமே, 'ஆத்தா எறங்குன எடம்', நீ பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு உருண்டு கும்பிட்ட இடம், அது உன் அம்மா வண்டியிலிருந்து விழுந்த இடம். இப்போது லாரிக்காரர்கள் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். போன வருஷம் யாரோ சூலம் நட்டிருக்கிறார்கள்.

ஒவ்வொரு செவ்வாயும் வீரபாண்டிக்குப் போய் மாரியாத்தாளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவள் பேரில் பொய் சொல்லவில்லை, பொய்யைத் திருத்தாமல் விட்டேன், சொல்வதும் விடுவதும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். அவள் மன்னித்திருக்கலாம். மணிக்கட்டு மன்னிக்கவில்லை, இன்னமும் துணி பிழிய வராது. இதை உனக்குச் சொல்ல அப்பாவிடம் நேற்று அனுமதி கேட்டேன். கடைக் கணக்கை மூடி வைத்தார். பிறகு, "மெதுவாத்தான் போனேன், நீ எறங்குனதே தெரியலயே" என்றார். நான் இறங்கவில்லை, விழுந்தேன் என்றேன். அவரிடம் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. "எழுது. அப்படியே எழுது" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், வண்டியின் சுகம் ஓட்டுகிறவன் முதுகில் மட்டும் இல்லை. பின்னால் இருக்கிறவள் விழுந்தால் தெரிய வேண்டும். விழுவதற்கு முன்னால் தெரிந்தால் இன்னும் நல்லது. மல்லிகாவுக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன். பழையபடி பேர் சொல்லியே கூப்பிடச் சொல்லிவிட்டேன். உன் ஆயுசை மாரியாத்தா பார்த்துக்கொள்வாள், அதற்கு அவளுக்கு என் மருமகள் வாயைக் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. சுடிதார் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லியிருக்கிறேன். தேனி பஜாரில் நாலு பேர் வாயைப் பிளப்பார்கள். பிளக்கட்டும், ஈ போகும். எதிர்வீட்டுக்காரி முதல் ஆளாக வந்து கேட்பாள், அவளுக்கு இந்தக் கடிதத்தின் நகலைக் கொடுத்து உட்காரவைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதுரையில் போய் முன்பணம் கட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். கட்டாதே, நாங்கள் வருகிற வரை. நான் காலை முதல் பஸ்ஸில் வத்தலகுண்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறேன், தேவதானப்பட்டியில் மல்லிகாவின் அம்மாவும் ஏறிக்கொள்கிறாள். மல்லிகாவை நீ கூட்டி வா, பஸ்ஸில். கடையில் நீ சொல்கிற வண்டியையும், முன்னும் பின்னும் சமமாகச் சீட்டு வைத்த ஒரு கனத்த வண்டியையும், வேறு என்ன வைத்திருக்கிறானோ அதையும் வரிசையாக நிறுத்தச் சொல். முதலில் அவள் ஏறுவாள், நீ இல்லை. ஒவ்வொன்றிலும் இருபது நிமிஷம் அசையாமல் உட்காருவாள். கடைக்காரன் முகத்தைச் சுளித்தால் நான் அவனுக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பேன், அது எனக்கு வரும். அதற்கப்புறம் நீ ஏறி, அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கிற ரோட்டில் நாற்பது மைல் வேகத்துக்குக் குறையாமல் ஒரு சுற்றுப் போய் வா. போகும்போது அவள் பின்னாலிருந்து ஒரு வார்த்தை சொல்வாள். கத்த மாட்டாள், வீட்டில் பேசுகிற மாதிரிதான் சொல்வாள். திரும்பி வந்ததும் அது என்ன என்று நீ என்னிடம் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்த வண்டிக்குப் பணம் கட்டு, எந்த நிறமாக இருந்தாலும் சரி. சொல்ல முடியாவிட்டால் நாம் எல்லாரும் பஸ்ஸில் திரும்பிவிடலாம், கன்னியாகுமரி எங்கேயும் போய்விடாது.

அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் வைத்து அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் பார்க்காதே. காதைத் தீட்டிக்கொண்டு வா.

அம்மா